மே மாதம் பிறந்தவள்

மேலச்சாலியூர்
சுவாமிமலை வழி
24 நவம்பர் 2025

பிரதீபாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்தேன். மேலே கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான். மறுபடி எழுத மனம் வரவில்லை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அப்பா போனிலிருந்து கூப்பிட்டால் உன் அண்ணன் ரஞ்சித் எடுத்து, "அவ தூங்குறாம்மா, அப்புறம் பேசு" என்கிறார். காலை பதினொரு மணிக்கும் தூக்கம், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூக்கம். ஆறு வருஷமாக விடுதியில் விடியும் முன் எழுந்து மைதானத்தைச் சுற்றினவளுக்கு இவ்வளவு தூக்கம் எங்கிருந்து வந்ததோ. அதனால் வார்டனிடம் உன் முகவரியை வாங்கி, தபால் ஆபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். கடிதத்தை பிளாக் செய்ய முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் படி.

வியாழக்கிழமை கோப்பையைத் திருப்பிக் கொடுத்தோம். பி.டி. வானதி டீச்சர், அணி சார்பில் சுமையா, நான் மூன்று பேரும் போனோம். மாவட்ட கோ-கோவில் முதலிடம் வாங்கிச் சரியாகப் பதினான்கு நாள். மாவட்ட விளையாட்டு ஆபீசில் ஒரு கிளார்க் கோப்பையை வாங்கி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். மேசைமேல்கூட வைக்கவில்லை. அதைப் பார்க்க நீ இல்லை. முந்தின நாளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். கேப்டன் நீ. எந்த மேட்சில் தோற்றாலும் மைதானத்தை விட்டுக் கடைசியாக வருகிறவள் நீ. இதில் மட்டும் முதல் ஆளாகப் போய்விட்டாய்.

போவதற்கு முன் வார்டன் காது கேட்க என்னைப் பார்த்து, "கேக்கு வெட்டுற மாதிரி என்னை வெட்டிட்டடி" என்றாய். கேக் எங்கே இருந்தது? பள்ளிக்கூடத்துக்குள் கேக் கொண்டுவர அனுமதியே கிடையாது. ஒரு சார்ட் பேப்பர், ஒரு பாக்கெட் சாக்லேட், ஒரு மஞ்சள் சுடிதார். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

நம் பள்ளியில் பிறந்தநாள் என்றால் காலைப் பிரேயரில் பெயர் வாசிப்பார்கள். எண்ணூறு பேர் மூன்று தட்டுத் தட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் யூனிபார்ம் இல்லாமல் கலர் டிரஸ் போடலாம். ஆறாம் வகுப்பிலிருந்து நீ ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பதிவேட்டில் உன் பிறந்தநாள் மே இருபது. மே மாதம் பள்ளிக்கூடமே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சீர்காழி மேட்சுக்குப் போன பஸ்ஸில் நீதான் சொன்னாய். "நெசமா நான் பொறந்தது நவம்பர் பன்னெண்டுடி. எனக்கு யாரும் கை தட்டுனதே இல்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு அது மறக்கவே இல்லை.

இந்த வருஷம் அந்த வாரம் பிரேயர் பொறுப்பு, பள்ளிக்கூடத்து நான்கு அணிகளில் எங்கள் காவிரிக்கு. பட்டியலை வாசிக்கிறவள் அதன் கேப்டனான நான். உன் பெயரைச் சேர்த்து வாசித்தேன். கோ-கோ அணியில் மீதிப் பதினோரு பேரும் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கம்ப்யூட்டர் டீச்சர் அதைப் போட்டோ எடுத்துப் பள்ளிக்கூட குரூப்பில் போட்டார். மறுநாளே அது எப்படியோ இறுதிப்போட்டியில் நம்மிடம் தோற்ற பள்ளியின் பி.டி. சார் கைக்குப் போய்விட்டது. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் வயது கூடிய பெண் ஆடியிருக்கிறாள் என்று அவர் எழுதிக் கொடுத்தார். நகராட்சிப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். மீதி உனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உன் நிஜமான தேதிப்படி நீ அந்தப் பிரிவில் ஆட முடியாது என்று தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? பதில் எழுது.

மதிவதனி


நாகப்பட்டினம்
30 நவம்பர் 2025

மதிவதனி,

கிழிக்கவில்லை. நீ நினைக்கிற அளவுக்கு எனக்கு உன்மேல் அக்கறை இல்லை. தபால்காரர் கொடுக்கும்போதே பாதி நனைந்திருந்தது. இங்கே நாலு நாளாக மழையும் காற்றும். படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. அப்பா, அண்ணன், எல்லா ஆண்களும் வீட்டில் உட்கார்ந்து என் விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். வேறு வேலை இல்லை.

நீ கணக்குப் பாடம் மாதிரி எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வரியாக வந்து கடைசியில் விடை, குற்றவாளி பிரதீபா. சரி, நானும் ஒரு கணக்கு எழுதுகிறேன்.

மே இருபது நான் போட்ட தேதி இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என்னைக் கூட்டிப் போனது அத்தை. அப்பா கடலில், அம்மா மீன் ஏலத்தில். சான்றிதழை யாரும் எடுத்துப் போகவில்லை. "பாப்பாவுக்கு வயசு என்னம்மா" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "ஆறு முடிஞ்சிடுச்சு சார்" என்றாள் அத்தை. முடிந்து ஏழு மாதம் ஆயிற்று என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் ஆறு வருஷம் பின்னால் எண்ணி, மே இருபது என்று எழுதிவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் மே மாதம்தான் பிறந்திருக்கிறோம். நம் வகுப்புப் பதிவேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பார், எத்தனை பேருக்கு மே மாதம் என்று.

பத்து வருஷமாக என் பதிவேட்டில் அந்தத் தேதிதான். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் அந்தத் தேதிதான். ஆதாரில் அந்தத் தேதிதான். சர்க்கார் கேட்டாலும் அந்தத் தேதிதான். அதைத்தான் வானதி டீச்சர் விண்ணப்பத்தில் எழுதினார். நான் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தேன்.

சும்மா இருப்பது தப்பு என்றால், நான் உனக்காக இன்னொரு விஷயத்திலும் சும்மா இருக்கிறேன். கம்பத்தைச் சுற்றும்போது இடப்பக்கம் திரும்பினால் உன் முட்டி நழுவும். பத்தாம் வகுப்பில் ஆண்டு விழா ஒத்திகையில் மேடையிலிருந்து குதித்து வாங்கியது. டீச்சருக்குத் தெரிந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்று குழாயடியில் உட்கார்ந்து அழுதாய். அன்றிலிருந்து நாம் சேர்ந்து ஓடும் ஒவ்வொரு ஆட்டத்திலும், துரத்துகிறவள் உன்னை இடப்பக்கம் ஒதுக்கினால் நான் குறுக்கே வந்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதனால் எத்தனை தடவை நான் அவுட் ஆனேன் என்று உனக்குத் தெரியும். அணியில் ஒருத்திக்கும் தெரியாது.

சான்றிதழ் எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டார். மாநிலப் போட்டிக்குத்தான் கேட்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். லாமினேட் செய்து பீரோவில் வைத்திருந்ததை எடுத்துத் துடைத்து, ரஞ்சித்திடம் கொடுத்து, "மடிச்சிடாதடா" என்று சொல்லி அனுப்பினாள். இப்போது அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஒரு மாதிரியாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஏன் முதல் ஆளாகப் போனாய் என்று கேட்டாய். விடுதியில் என் டிரங்குப் பெட்டிமேல் மார்க்கரில் 'கிழவி' என்று எழுதியிருந்தார்கள். கொட்டை எழுத்தில். போதுமா?

இரண்டு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று உத்தரவு. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வானதி டீச்சர் அனுப்பிய என் பெயரும் திரும்பிவிட்டது. "வெளையாட்டு முடிஞ்சிதுல்ல, அப்புறம் அவ்வளவு தூரத்துல என்ன படிப்பு" என்கிறார் அப்பா. ஜனவரியில் வந்து டி.சி. வாங்கப் போகிறாராம். நானும் சரி என்றுவிட்டேன்.

மஞ்சள் சுடிதாரைக் கத்தரிக்க எடுத்தேன். துணி நல்ல துணி. அதனால் விட்டேன். உனக்காக இல்லை.

பிரதீபா


மேலச்சாலியூர்
5 டிசம்பர் 2025

பிரதீபாவுக்கு,

மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் லீவு. எங்கள் சம்பா வயலில் தண்ணீர் இடுப்பு வரை நிற்கிறது. அம்மா வடிகாலை வெட்டிவிடப் போயிருக்கிறாள். நான் வீட்டில் உட்கார்ந்து உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். காணோம்.

உன் அத்தையைக் குறை சொல்கிறாய், ஹெட்மாஸ்டரைக் குறை சொல்கிறாய். அவர்கள் யாரும் கோ-கோ ஆடவில்லை. உனக்கு இரண்டு வருஷம்தான் தடை. எங்களுக்கு மொத்தமும் போயிற்று. பிளஸ் டூ வந்துவிட்டால் விளையாட்டு கிடையாது என்பது நம் பள்ளிக்கூடத்துச் சட்டம். பி.டி. பீரியடையும் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். கலைத் திருவிழா கிடையாது, டூர் கிடையாது, மைதானத்துப் பக்கம் போனால் வீட்டுக்குக் கடிதம் வரும். இந்த வருஷம்தான் நமக்குக் கடைசி வருஷம். எல்லோருக்கும் தெரியும்.

சுமையாவை நினைத்தாயா? அவள் அத்தாவிடம் மாநிலப் போட்டிக்கு வெளியூரில் தங்க அனுமதி வாங்க அவள் எத்தனை வாரம் கெஞ்சினாள். டீச்சர் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனார். கடைசியில் அவர், "போய்ட்டு வாம்மா" என்றார். அன்றைக்கு சுமையா மைதானம் முழுக்க ஓடினாள், நீயும்தான் கூட ஓடினாய். இப்போது அவள் அத்தா கேட்கிறாராம், "ஏமாத்திதான் ஜெயிச்சீங்களா?" அவள் என்ன பதில் சொல்ல வேண்டும்? நீயே ஒரு பதில் எழுதி அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கேப்டன் என்றால் டாஸ் போடுவதும் கோப்பையைத் தூக்குவதும் மட்டும் இல்லை. செப்டம்பரில் டீச்சர் என்னை எடுத்துவிட்டு உன்னைக் கேப்டனாக்கினார். இரண்டு வருஷம் நான் பார்த்த பொறுப்பு. காரணம்கூடச் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை பேசினேனா? எல்லோர் முன்னாலும் கை தட்டினேன். எனக்குப் பதில் வந்தவள் அணியை இப்படிக் குழியில் தள்ளுவாள் என்று தெரிந்திருந்தால் தட்டியிருக்க மாட்டேன்.

பெட்டிமேல் எழுதினவள் யார் என்று கண்டுபிடித்தேன். பெயரை எழுத மாட்டேன். அவளோடு பெரிய சண்டை ஆயிற்று. மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்துப் பார்த்தேன், பாதிதான் போயிற்று. அது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளும் உன்னோடு ஓடினவள்தான், அவளுக்கும் வயிறு எரியும்.

என் முட்டியை இதில் இழுக்காதே. முட்டி வலிக்கு வயது வரம்பு கிடையாது.

மதிவதனி


நாகப்பட்டினம்
10 டிசம்பர் 2025

மதிவதனி,

சின்னக் கடிதம். வீட்டில் வேலை இருக்கிறது. படகு போகத் தொடங்கிவிட்டது, விடியலில் அம்மாவோடு ஏலத்துக்குப் போகிறேன்.

சுமையா விஷயத்தில் நீ எழுதியது சரி. படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மற்றதற்கு ஒரு கேள்வி மட்டும்.

செப்டம்பரில் டீச்சர் நம்மை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து விதியை வாசித்தார். "ரெண்டாயிரத்து ஒம்பது ஜனவரி ஒண்ணுக்கு அப்புறம் பொறந்தவங்க மட்டும்தான். யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க." நான் தரையைப் பார்த்தேன். நான் பிறந்தது இரண்டாயிரத்து எட்டு நவம்பர். அந்தக் கூட்டத்தில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னொருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சொல்லாதே என்றுதானே அதற்கு அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நீ என்னோடு இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டு முதல் கடிதத்தில் அவ்வளவு எழுதினாயே, அந்தக் கையை மறந்துவிட்டாயா?

அது நடந்து ஒரு வாரத்தில் நான் கேப்டன் ஆனேன். நீ கை தட்டினாய், பார்த்தேன். எல்லோரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்தாய்.

சார்ட்டில் 'பிறந்தநாள் வாழ்த்துகள் பிரதீபா' என்று எழுதினால் போதும். நம் பள்ளிக்கூடத்தில் யாரும் வயதை எழுதுவதில்லை. பக்கத்தில் 17 என்று போட்டிருந்தது. அந்த எண்ணை எழுதியது யார்?

இதற்கு மட்டும் பதில் எழுது. மழை, வயல் எல்லாம் வேண்டாம்.

பிரதீபா


மேலச்சாலியூர்
16 டிசம்பர் 2025

பிரதீபா,

நான்தான் எழுதினேன்.

இந்த ஒரு வரியை எழுத நான்கு நாள் ஆயிற்று. முதலில் எழுதின கடிதத்தில் சுமையா எழுதினாள் என்று எழுதியிருந்தேன். அதை மடித்துக் கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். பஸ் ஸ்டாண்ட் தபால் பெட்டி வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது கடிதத்தில் யாரோ எழுதினார்கள், கவனிக்கவில்லை என்று எழுதினேன். அதை அடுப்பில் போட்டேன். அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, ஒன்றும் தலையில் ஏறவில்லை.

சார்ட்டை சுமையா பிடித்துக்கொண்டாள். பச்சை ஸ்கெட்ச் என் கையில். உன் பெயரை எழுதி முடித்தேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அப்போது கை நின்றது. எனக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. டீச்சர் வாசித்த தேதி ஞாபகம் வந்தது. இந்த எண்ணைப் பார்க்கிற யாரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றேன். பிறகு ஒன்று போட்டேன். அதற்குப் பக்கத்தில் ஏழு போட்டேன்.

இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. அது நிஜம். ஏதாவது ஆனால் ஆகட்டும் என்று நினைத்தேன். அதுவும் நிஜம். மஞ்சள் சுடிதாரை உனக்காக ஆசையாகத்தான் எடுத்தேன், மூன்று கடை ஏறி இறங்கினேன். எண்ணை எழுதினதும் அதே கைதான். எப்படி இரண்டையும் ஒரே நாளில் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பொறாமை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். சரி, பொறாமைதான். இரண்டு வருஷம் நான் 'கோ' கொடுக்கச் சொன்ன இடத்தில் கொடுத்தவர்கள், ஒரே நாளில் உன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டீச்சர் ஏன் என்னை எடுத்தார் என்று கேட்கவும் பயம். முட்டி விஷயம் தெரிந்திருக்குமோ, நீ சொல்லியிருப்பாயோ என்றுகூட நினைத்தேன். இப்போது அதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உன்மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். நீ அன்றைக்கு டீச்சரிடம் சொல்லியிருந்தால் உன் ஒருத்திக்குத்தான் நஷ்டம், பதினோரு பேர் ஆடியிருப்பார்கள். ஆனால் நானும் உன் கையை அழுத்தினேன். அதனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். உன் இரண்டு கடிதத்திலும் நான் எதிர்பார்த்த சொல் அது.

மதி


மேலச்சாலியூர்
3 ஜனவரி 2026

பிரதீபா,

பதினெட்டு நாள் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பதில் எழுத வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அணியை மைதானத்துக்கு வரச் சொன்னேன். வானதி டீச்சரையும் கூப்பிட்டேன். எண்ணை எழுதியது நான் என்று சொன்னேன். தேதி எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து தெரியும் என்றும், உன்னைச் சொல்லவிடாமல் கையை அழுத்தினேன் என்றும் சொன்னேன். டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவள ரிசர்வ்லகூட போடாம மேட்ச் பார்க்கக் கூட்டிட்டுப் போயிருப்பேன்டி" என்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

காவிரி அணிக் கேப்டன் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பிரேயரில் பட்டியல் வாசிப்பதும் இனி நான் இல்லை. சுமையா மதியம் வேறு மரத்தடியில் சாப்பிடுகிறாள். பெட்டிமேல் எழுதினவள் மட்டும் வந்து, மீதி இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டதாகச் சொன்னாள். பெட்டி விடுதியில் உன் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

டி.சி. விண்ணப்பம் வந்துவிட்டதா என்று ஆபீசில் கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார்கள். உன் அப்பா பொங்கலுக்கு முன் வருவாரோ, பின் வருவாரோ, எனக்குத் தெரியாது. தினமும் ஆபீஸ் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 30 விளையாட்டு விழா. நோட்டீஸ் போர்டில் நான்கு அணிப் பட்டியலும் ஒட்டியிருக்கிறது. வைகை அணியில் முதல் பெயர் உன்னுடையது. வானதி டீச்சர் கையெழுத்து. யாரும் அதை அடிக்கவில்லை.

நான் உன்னைக் கெடுத்ததற்கு நீ பள்ளிக்கூடத்தை விட்டால், நான் நினைத்ததைவிட அதிகமாகக் கெடுத்துவிட்டேன் என்று ஆகும். அதற்காகவாவது விடாதே. இதைக் கெஞ்சுவதாக எடுத்துக்கொள்.

மதி


நாகப்பட்டினம்
9 ஜனவரி 2026

மதி,

உன் இரண்டு கடிதத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "அந்தப் புள்ளைய ஒரு தடவ வீட்டுக்குக் கூட்டிட்டு வா, நாலு அறை விடணும்" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு மாதம் கழித்து வந்த முழு வாக்கியம் அது. அறைந்துவிட்டுச் சோறு போடுவாள், பயப்படாதே. ஆனால் அறைவாள்.

உனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். இப்போதும் இருக்கிறது. நீ நினைக்கிற இடத்தில் இல்லை. கோப்பை போனது ஆறிவிட்டது. தடை, அது இரண்டு வருஷம், முடிந்துவிடும். நவம்பர் பன்னிரண்டு காலையில், அந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நான் மேடை ஏறினேன். நீ என் பெயரை வாசித்தாய். எண்ணூறு பேரும் மூன்று தட்டுத் தட்டினார்கள். நான் அதை எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அப்போது உன்னைத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உன் பச்சை ஸ்கெட்ச்தான் ஞாபகம் வருகிறது. அதைத்தான் கெடுத்தாய். அதற்கு மன்னிப்பு இன்னும் என்னிடம் இல்லை. வந்தால் சொல்கிறேன்.

சுமையாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ என் கடிதத்தில் தேடின சொல் அதில் மூன்று இடத்தில் இருக்கிறது. அவள் அத்தாவுக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஏமாற்றியது நான், உங்கள் மகள் நியாயமாகத்தான் ஓடினாள் என்று.

டி.சி. விண்ணப்பத்தை அப்பா எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார். அதில் பிறந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தத் தேதியைப் போட என்று கேட்டேன். அவர் ரஞ்சித்தைப் பார்த்தார், ரஞ்சித் என்னைப் பார்த்தான். "தப்புத் தேதியோட வெளிய வந்தா போற எடமெல்லாம் இதே கதைதான். மொதல்ல அத மாத்தணும். அதுக்கு நான் அங்க படிச்சிக்கிட்டு இருக்கணும்" என்றேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இரண்டு நாள் வீட்டில் பெரிய சத்தம். மூன்றாம் நாள் ரஞ்சித் தேதி மாற்றும் மனுவைக் கொண்டுவந்தான். டி.சி. விண்ணப்பத்தில் அம்மா மீன் மடித்துவிட்டாள்.

பொங்கல் லீவு முடிந்ததும் வருகிறேன். உனக்காக வரவில்லை. அடுத்த நவம்பரில் பதிவேட்டிலேயே பன்னிரண்டாம் தேதி இருக்கும். பிளஸ் டூவுக்கு விளையாட்டுதான் கிடையாது, பிரேயர் உண்டு. அப்போது வேறு யாராவது என் பெயரை வாசிக்கட்டும்.

இப்போது விளையாட்டு விழாவுக்கு வருகிறேன். அதில் வயது கேட்க மாட்டார்கள். நான் வைகை, நீ காவிரி. எப்படியும் நம் இரண்டு அணிக்கும் ஆட்டம் வரும். நீ ஓடும்போது துரத்துகிற இடத்தில் நான் நிற்பேன். உன் முட்டியைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் குறுக்கே வந்து உன்னைக் காப்பாற்ற நான் உன் பக்கம் இருக்க மாட்டேன். இடப்பக்கமாகவேதான் விரட்டுவேன்.

முட்டிக்கு நன்றாகக் கட்டுப் போட்டுக்கொண்டு வா. உன்னைத் தொட்டு வெளியே அனுப்பின பிறகு பேசலாம்.

பிரதீபா